எல்லையில் நிற்கும் நேரலை: பொது ஒலிபரப்பும் இணைய உரிமையும் குறித்து நாம் கண்டவை

கூலாய், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

மக்கள் பணத்தில் நடக்கும் வானொலி, தொலைக்காட்சி நிலையங்களின் இணைய நேரலை சில வேளைகளில் தடையின்றித் திறக்கிறது. சில வேளைகளில் இந்நிகழ்ச்சி உங்கள் வட்டாரத்துக்குக் கிடைக்காது என்ற அறிவிப்போடு நின்றுவிடுகிறது. எது திறக்கும், எது திறக்காது, அதற்கு என்ன காரணம் என்பதை நாம் ஒவ்வொருவரும் தனித்தனியே தட்டுத் தடுமாறித்தான் தெரிந்துகொண்டிருக்கிறோம். ஆகையால் அவரவர் நேரில் கண்டதை இங்கே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். கேள்விப்பட்டதை வேண்டாம்.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலுள்ள கூலாயைச் சுற்றிய தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு எல்லை தாண்டி வரும் ஒளிபரப்பு புதியதன்று. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் கூரையின்மேல் உயரமான கம்பத்தில் ஆண்டெனாவைக் கட்டித் தெற்கே திருப்பினால் சிங்கப்பூர் அலைவரிசைகள் வந்துவிடும். அவை நமக்காக அனுப்பப்பட்டவை அல்ல. ஆயினும் அலை குடிநுழைவுச் சாவடியில் வரிசை பிடித்து நிற்பதில்லை. 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூரும், அதே ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் மலேசியாவும் பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்தின. இரு நாடுகளும் ஒரே டிஜிட்டல் முறையைத் தேர்ந்திருந்ததால், ஆண்டெனா சரியாக அமைந்த வீடுகளில் அக்கரை அலைவரிசைகள் இன்றும் தெரிகின்றன. ஆனால் கூரைவழியாக வரும் அதே நிகழ்ச்சியை, அதே வீட்டுக்குள் அமர்ந்து கைப்பேசியில் திறந்தால் பல வேளைகளில் அது மறுக்கப்படுகிறது.

திரைப்படம், தொடர், பாடல், விளையாட்டு ஆகியவற்றின் உரிமைகள் நாடு நாடாகப் பிரித்து விற்கப்படுவதே இதற்குக் காரணம் என்பது பலருக்கும் தெரியும். நான் கவனித்த வரையில் இன்னொன்றும் உண்டு. காற்றில் கசியும் அலையைத் தடுக்க வழியில்லை. ஆகவே உரிமையாளர்கள் அதைப் பொறுத்துக்கொண்டார்கள். இணையத்திலோ, கேட்பவரின் இணைய முகவரியை வைத்து அவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று ஏறத்தாழக் கண்டறிந்துவிடலாம். அவ்வாறு தடுக்க முடிகிறது என்பதனாலேயே, தடுத்தாக வேண்டும் என்ற விதி ஒப்பந்தங்களில் ஏறிவிட்டது.

1941 மே 3ஆம் நாள் தொடங்கிய பிபிசி தமிழோசையைச் சிற்றலையில் கேட்ட தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அதன் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30 அன்று முடிந்தது. சிற்றலைப் பெட்டி வைத்திருந்த எவரிடமும் நீ எந்த நாட்டான் என்று அது கேட்டதில்லை.

கூலாய், சிங்கப்பூருக்கு நாள்தோறும் வேலைக்குச் செல்பவர்

ஐயா, நீங்கள் சொன்ன இணைய முகவரி தொடர்பாக நான் கண்டதை எழுதுகிறேன். என்னிடம் மலேசியச் சிம் ஒன்றும் சிங்கப்பூர்ச் சிம் ஒன்றும் உள்ளன. வீட்டு வைஃபையில் திறக்காத அக்கரை நிகழ்ச்சி, சிங்கப்பூர்ச் சிம்மின் ரோமிங் தரவில் இதே கூலாயில் திறக்கிறது. வேலையிடத்தில் மலேசியச் சிம்மைப் போட்டால், நான் சிங்கப்பூரில் நிற்கும்போதே மலேசியாவில் இருப்பவனாகக் கணக்கிடப்படுகிறேன். ரோமிங்கில் செல்லும் தரவு பெரும்பாலும் சிம் வழங்கிய தாய் நிறுவனத்தின் வழியாகச் சென்றே இணையத்தைத் தொடுவதால் இவ்வாறு நடக்கிறது. நான் எதையும் மறைக்கவில்லை, இருப்பிடத்தை மாற்றிக் காட்டும் வி.பி.என். எதையும் போடவுமில்லை. ஆள் எங்கே நிற்கிறான் என்பதை அந்தத் தடை பார்ப்பதாகத் தெரியவில்லை. தரவு எந்த வாசல் வழியாக வெளியேறுகிறது என்பதைத்தான் பார்க்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 ஏப்ரல் 1 முதல் ஒரு விதி நடப்பில் உள்ளது. கட்டணம் செலுத்தி இணையச் சேவை பெறுபவர், மற்றோர் உறுப்பு நாட்டுக்குத் தற்காலிகமாகச் சென்றாலும் தம் ஊரில் பார்ப்பதை அங்கும் பார்க்கலாம். கட்டணமில்லாச் சேவைகளுக்கு அது கட்டாயமில்லை. விரும்பினால் சேரலாம் என்று விட்டுவிட்டார்கள். பொது ஒலிபரப்பாளர்கள் பலருக்கும் அந்த விலக்கு பொருந்துகிறது. விடியற்காலையில் புறப்பட்டு இரவில் திரும்பும் நம்மைப் போன்றவர்களை எண்ணி இந்த வட்டாரத்தில் அப்படியொரு விதி எழுதப்படவில்லை.

மான்செஸ்டரில் படித்துத் திரும்பிய மாணவி

நான் இரண்டு பக்கங்களையும் பார்த்திருக்கிறேன். மான்செஸ்டரில் இருந்தபோது மலேசிய அரசின் தமிழ் வானொலியான மின்னல் பண்பலையை, அரசு ஒலிபரப்பு நிறுவனத்தின் இணையச் சேவையான ஆர்.டி.எம். கிளிக் வழியாகக் கேட்டுக்கொண்டே சமைப்பது எனக்கு வழக்கம். அதற்குத் தடை ஏதும் வந்ததில்லை. ஆனால் நம் நாட்டு அணி ஆடிய பூப்பந்தாட்டம் ஒன்றை வேறோர் இலவச நேரலையில் திறந்தபோது, படம் வராமல் அறிவிப்பு மட்டுமே வந்தது. செய்தியும் பேச்சும் எல்லையைத் தாண்டுகின்றன, விளையாட்டு தாண்டுவதில்லை. அதன் உரிமையைப் பிரிட்டனில் வேறொருவர் வாங்கியிருப்பார் என்பதால் அதில் எனக்குப் பெரிய மனத்தாங்கல் இல்லை.

பிபிசியின் இணையக் காட்சிச் சேவையான ஐபிளேயர் 2007 டிசம்பர் 25 அன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 2016 செப்டம்பர் 1 முதல், முடிந்துபோன நிகழ்ச்சியை அதில் பார்ப்பதற்கும் தொலைக்காட்சி உரிமக் கட்டணம் செலுத்தியிருக்க வேண்டும். 2025 ஏப்ரலில் அக்கட்டணம் ஆண்டுக்கு 174.50 பவுனாக இருந்தது. மாணவர் விடுதியில் இருப்பவருக்கும் பொதுவாக விலக்கில்லை. அந்நாட்டுக் குடும்பங்கள் இவ்வளவு செலுத்தும்போது, செலுத்தாத நாம் அதைக் கேட்பது எந்த உரிமையில் என்று நான் என்னையே கேட்டுக்கொண்டதுண்டு. ஐபிளேயரை அயல்நாடுகளில் சந்தாவுக்கு விற்கும் முயற்சி 2011இல் தொடங்கி 2015இல் கைவிடப்பட்டது. பணம் கொடுத்துப் பெறவும் வழியில்லை என்றால் அதைத்தான் ஏற்க முடியவில்லை. ஒலிச் சேவையான பிபிசி சவுண்ட்ஸ் 2025 ஜூலையில் வெளிநாட்டவருக்கு நிறுத்தப்பட்டது. ரேடியோ 4, உலக சேவை ஆகியவை வேறு தளத்தில் தொடர்ந்து கிடைக்கின்றன.

செம்பனைத் தோட்ட எழுத்தர்

பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் விற்ற ஆண்ட்ராய்டு பெட்டியைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே! உலகின் எல்லா அலைவரிசையும் அதில் வரும் என்று சொல்லித்தான் விற்றார்கள். 2022 மார்ச் 18 முதல் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்தின்படி, திருட்டு நேரலைக்கான கருவியையோ செயலியையோ விற்பவருக்கு 10,000 ரிங்கிட்டிலிருந்து 200,000 ரிங்கிட் வரை அபராதமோ 20 ஆண்டுகள் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். எங்கள் வீட்டுப் பெட்டி அதற்கு முன்பே செயலிழந்துவிட்டது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

லாயாங் லாயாங், வானொலி நாடக எழுத்தாளரின் மகன்

இதுவரை எழுதியவை யாவும் இன்றைய நேரலையைப் பற்றியவை. என் அக்கறை பழையவற்றில் இருக்கிறது. என் தந்தை தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவர். தாமே எழுதி வானொலிக்கு அனுப்பிய நாடகங்களில் சில ஒலியேறின. ஒவ்வொன்றுக்கும் சன்மானம் வந்தது. 1972இல் ஒலித்த ஒரு நாடகத்தை அவர் நண்பர் ஒருவர் ஒலிநாடாவில் பிடித்து வைத்திருந்தார். அதை இணையத்தில் ஏற்றி, தோட்டத்தை விட்டுச் சிதறிப்போன குடும்பங்கள் கேட்கும்படி செய்ய வேண்டும் என்பது என் விருப்பம். பொது நிலையத்தில் ஒலித்ததுதானே, இதில் என்ன சிக்கல் வரப்போகிறது என்று எண்ணியே விசாரிக்கத் தொடங்கினேன்.

ஒரே நாடகத்துக்குள் பல உரிமைகள் அடுக்கடுக்காக இருப்பது அப்போதுதான் புரிந்தது. நம் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓர் ஒலிபரப்பின் மீதான உரிமை, அது முதலில் ஒலித்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 50 ஆண்டுகள் நீடிக்கும். அவ்வாறாயின் 1972இல் ஒலித்ததன் மீது நிலையத்துக்கு இருந்த அந்த உரிமை 2022 முடிவிலேயே தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் நாடகத்தின் எழுத்து தனி. அதற்கு எழுதியவரின் வாழ்நாளும் அவர் இறந்த பின் 50 ஆண்டுகளும் உரிமை உண்டு. தந்தை 1998இல் காலமானதால் அது 2048 முடியும்வரை எங்கள் குடும்பத்திடம் இருக்கும். நடித்தவர்களின் உரிமை மற்றொன்று. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய முட்டுக்கட்டை, காட்சி மாறும்போதெல்லாம் சேர்க்கப்பட்ட வயலின் இசை. அது ஏதோ ஒரு திரைப்பட இசைத்தட்டிலிருந்து எடுத்தது என்பதில் ஐயமில்லை. எந்தப் படம் என்பதை இன்று உயிரோடிருக்கும் எவராலும் சொல்ல முடியவில்லை.

நான் எழுதிக் கேட்ட நிலையத்திலிருந்து பண்பான பதில் வந்தது. அக்காலத்து ஒப்பந்தத் தாள்களில் வானொலி என்ற சொல் மட்டுமே உள்ளது. இணையம் அப்போது இல்லாததால் அவர்களும் அனுமதி தர இயலாது, மறுக்கவும் இயலாது என்று எழுதியிருந்தார்கள். திறந்த அணுகலுக்கு எதிரி நிலையங்களின் கஞ்சத்தனம் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். பல இடங்களில் உண்மையான தடை, யாரிடம் கேட்பது என்று தெரியாத காகிதக் குழப்பமாக இருக்கிறது.

கூலாய், ஒளிப்பதிவாளர்

அண்ணன் எழுதியதோடு நார்வே நாட்டுப் பொது ஒளிபரப்பாளரான என்.ஆர்.கே. செய்ததை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பெர்கனிலிருந்து ஆஸ்லோவரை ஓடும் ரயிலின் முகப்பில் கேமராவைப் பொருத்தி, ஏழு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தை அப்படியே 2009 நவம்பரில் ஒளிபரப்பினார்கள். பிறகு அந்தக் காட்சிகளை எவரும் பதிவிறக்கி, வெட்டி ஒட்டி, பெயரைக் குறிப்பிட்டு மீண்டும் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டார்கள். எடுத்தவர்கள் அவர்களே என்பதால் அது அவர்களுக்கு எளிதாக இருந்தது. எவரிடமும் கை நீட்ட வேண்டியிருக்கவில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. விருந்தினர் ஒருவர் எட்டு இசைத்தட்டுகளைத் தேர்ந்தெடுத்து வாழ்க்கையைப் பேசும் பிபிசியின் நிகழ்ச்சி 1942இலிருந்து வருகிறது. அதன் பாட்காஸ்ட் வடிவில் பாடல்கள் சிறு துணுக்குகளாகவே ஒலிக்கும். பாட்டுக்காகவே தோன்றிய நிகழ்ச்சியிலேயே பாட்டைச் சுருக்க வேண்டியிருக்கிறது என்றால், திரைப்பாடல் இல்லாமல் ஒரு மணி நேரம்கூட நகராத நம் தமிழ் வானொலிகளின் நிகழ்ச்சிகளை முழுமையாகச் சேமித்துத் திறந்துவைப்பது எவ்வளவு கடினம் என்று எண்ணிப்பாருங்கள். அதனால்தான் நேர்காணல், ஊர் வரலாறு, தமிழ்ப்பள்ளி நிகழ்ச்சி போன்ற பேச்சு நிகழ்ச்சிகளைப் பாடல் கலக்காமல் தனியே பதிவுசெய்து வைக்க வேண்டும் என்கிறேன். ஒரு நிலையம் தன் முழு உரிமையில் உள்ளவற்றையும் வழக்கத்தின் காரணமாக மூடியே வைத்தால், அதற்கு ஒப்பந்தத்தைச் சாக்காகக் காட்ட முடியாது.

உள்ளூர்ப் பாடகி

எல்லாரும் கேட்பவர் பக்கத்தில் நின்றே எழுதியிருப்பதால், பாடுபவர் பக்கத்திலிருந்து சிறிது சொல்ல அனுமதியுங்கள். மக்கள் வரிப்பணத்தில் உருவானது மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்த வரிப்பணத்தில் எனக்குக் கிடைத்தது ஒரு முறை பாடியதற்கான ஊதியம் மட்டுமே. தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சி ஒன்றுக்காக நான் பாடிய பாடல், ஆண்டுதோறும் மறுபடியும் காட்டப்படுகிறது, இணையத்திலும் உள்ளது, வெளியூர் உறவினர்கள் பார்த்துவிட்டு வாழ்த்துச் சொல்கிறார்கள்.

முன்பு என்னிடம் நீட்டப்பட்ட ஒப்பந்தங்களில் ஒளிபரப்பு என்று மட்டும் இருக்கும். இப்போது வருபவற்றில் எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதும், காலவரையின்றி என்ற வரி புகுந்துவிட்டது. ஊதியத்தில் மாற்றம் இல்லை. சென்ற முறை அந்த வரியைச் சுட்டிக்காட்டி, இணைய உரிமையை ஐந்து ஆண்டுகளுக்கு வரையறுக்கும்படியும், அதற்குப் பிறகு தொடர்ந்தால் மறு ஊதியம் தரும்படியும் கேட்டேன். தயாரிப்பாளர் கால வரையறைக்கு ஒப்புக்கொண்டார். மறு ஊதியத்துக்கு ஒப்புக்கொள்ளவில்லை. நாடு பார்த்துத் தடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை என்பதையும், அதைக் கேட்கும் வழக்கம் பெரிய இசை நிறுவனங்களிடமிருந்தே வருகிறது என்பதையும் அவரிடம் சொல்லிவிட்டு, ஐந்து ஆண்டு என்று பேனாவால் திருத்திய தாளில் கையெழுத்திட்டேன். இங்கே வேறு கலைஞர்கள் இருந்தால், உங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரி எப்படி உள்ளது என்று எழுதுங்கள்.