எஃப்ஆர்சி ரோபோவுக்கு எந்த கம்ப்ரெஸர்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. எங்கள் பள்ளி அணி எஃப்ஆர்சி என்ற மாணவர் ரோபோ போட்டிக்கு ரோபோ செய்கிறது. பொருளைப் பிடிக்கும் கைக்கு நியூமேட்டிக் சிலிண்டர் (காற்றழுத்தத்தால் தண்டை நகர்த்துவது) வைக்கிறோம். விதிப்படி டேங்கில் காற்றை அழுத்தி நிரப்ப ஒரே கம்ப்ரெஸர்தான், காற்றோட்டம் 1.1 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) வரை. அழுத்தம் டேங்கில் 120 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), வேலைக்கு 60 பிஎஸ்ஐ.

சிலிண்டர் 40 மிமீ விட்டம், 200 மிமீ ஸ்ட்ரோக் (தண்டு நகரும் தூரம்). போய்த் திரும்ப அரை லிட்டர் காற்று வேண்டும். 60 பிஎஸ்ஐயில் அது சாதாரணக் காற்றாக சுமார் இரண்டரை லிட்டர். 574 மில்லி டேங்க் நான்கு வைத்தாலும் 120லிருந்து 60க்கு இறங்குவதற்குள் ஒன்பது லிட்டர்தான் கிடைக்கும். கை நாலு தடவைகூட முழுதாக அசையாது! அப்புறம் எல்லாம் கம்ப்ரெஸர் பாடு. பெட்டியில் போட்டிருக்கும் சிஎஃப்எம் அழுத்தமே இல்லாதபோது வருவது, 100 பிஎஸ்ஐயில் நன்றாகக் குறைந்துவிடும்.

வயேர் 90சி மாதிரி சின்ன கம்ப்ரெஸரை எடுத்து டேங்கைக் கூட்டலாமா, இல்லை 1.1 சிஎஃப்எம் பம்பே வாங்கிவிடலாமா? எனக்குப் பெரியதன் பக்கம்தான் மனம் சாய்கிறது. ஆனால் சக்கர மோட்டார்களும் அதே 12 வோல்ட் பேட்டரியில்தான் ஓடுகின்றன. இரண்டும் சேர்ந்து இழுக்கும்போது வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது? தொடர்ந்து ஓடினால் சூடு தாங்குமா? ஓட்டிப் பார்த்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள், பிள்ளைகள் ஆவலாகக் காத்திருக்கிறார்கள்.