கிரீஸ்ல கித்னோஸ் தீவுல இருக்கோம், புதன்கிழமை மெல்டெமி (கோடையில அடிக்கிற பலத்த வடக்குக் காத்து) 8 வரைக்கும் போகுதாம், எங்க போய் ஒதுங்குறது?

ஏரிமாலுமி:
வணக்கம் மக்களே. ஏதென்ஸ் பக்கத்துல லாவ்ரியோ துறைமுகத்துல 38 அடி சார்ட்டர் (வாடகை) பாய்மர போட் எடுத்து நாலு பேர் கிளம்பினோம், இப்ப கித்னோஸ் தீவு மெரிகாஸ்ல கட்டியிருக்கோம். இன்னைக்கு திங்கள். புதன் மதியத்துல இருந்து வடக்குக் காத்து பியூஃபோர்ட் (காத்து வேக அளவு) 7, ஒரு வானிலை மாடல்ல 8னு காட்டுது, வெள்ளி வரைக்கும் குறையுற மாதிரியே தெரியல. வெள்ளி சாயங்காலம் போட்டை லாவ்ரியோல ஒப்படைக்கணும். மிக்கோனோஸ் போறதா இருந்தோம், அதை விட்டாச்சு (வீட்டம்மா இன்னும் பேசல). கடல் மேப்ல பாத்தா தெற்க இருக்குற செரிஃபோஸ் தீவுல லிவாதி வளைகுடா தெற்குப் பக்கமா இருக்கு, வடக்குல பெரிய மலை, காத்துக்கு நல்ல மறைப்புன்னு தோணுது. அங்க போய் ஆங்கர் போட்டு உக்காந்துடலாமா? நான் ஓட்டினதெல்லாம் ஹாலந்து ஏரிங்க தான், மலை பக்கத்துல நின்னு பழக்கமில்ல.

உப்புக்காத்து:
தம்பி மலை மறைக்கும்னு நம்பாதீங்க. மெல்டெமி மலை மேல ஏறி அந்தப் பக்கம் சரிஞ்சு விழும்போது தான் ஆட்டமே, வெளிய கடல்ல 30 நாட் (மணிக்கு 30 கடல் மைல்) இருந்தா உள்ள திடீர்னு 40க்கு ஒரு அடி அடிக்கும், அடுத்த நிமிஷம் ஒண்ணுமே இருக்காது, அப்புறம் வேற திசையில இருந்து வரும், போட் இங்கயும் அங்கயும் இழுத்து இழுத்து ஆங்கரை பேத்துடும். உயரமான தீவோட தெற்குப் பக்கம் அலை இருக்காது, அவ்ளோதான், காத்து இருக்கும். நான் பாக்குறது ரெண்டே விஷயம், அடியில மணலா, காத்து வர்ற பக்கம் நிலம் தாழ்வா. லிவாதி மணல் நல்லா பிடிக்கும், அதுல குறை சொல்ல மாட்டேன், ஆனா மலை மேல இருக்குற சோரா ஊர் பக்கத்துல இருந்து இறங்குற காத்து ராத்திரி தூங்க விடாது.

வாடைக்காரன்:
எல்லாரும் ஆங்கரை பத்தியே பேசுறீங்க, திரும்பி வர்றதை யாரும் யோசிக்கல. செரிஃபோஸ்ல இருந்து லாவ்ரியோ 40 மைல் சொச்சம், வடமேற்கா போகணும், கிட்டத்தட்ட காத்து மூஞ்சிக்கு நேரா. வெள்ளிக்கிழமை 7ல அதை அடிச்சு ஏறணும்னா நாலு பேர்ல மூணு பேர் வாந்தி எடுத்துட்டு கிடப்பாங்க. இப்பவே வடக்க போங்க ப்ரோ, காத்து வர்றதுக்கு முன்னாடி. கேயா தீவு, வடமேற்கு மூலையில ஏயோஸ் நிகோலாஸ் வளைகுடா, அதுக்குள்ள வூர்காரி. மெரிகாஸ்ல இருந்து 17, 18 கடல் மைல் இருக்கும், நாளைக்கு காலையில எஞ்சின்ல கூட போயிடலாம். அங்க இருந்து லாவ்ரியோ மேற்க 13 மைல், வடக்குக் காத்து வந்தாலும் பக்கவாட்டுல தான் வரும், ரெண்டு ரீஃப் போட்டு (பாயை ரெண்டு மடிப்பு சுருக்கி) போயிடலாம். கேயா சேனல்ல கப்பல் போக்குவரத்து ஜாஸ்தி, அதை மட்டும் பாத்துக்கோங்க. டைட்டானிக்கோட தங்கச்சி கப்பல் பிரிட்டானிக் 1916ல கண்ணிவெடியில மாட்டி முங்கினது அந்த வளைகுடாவுக்கு வெளிய தான், டைவிங் ஆளுங்க இன்னும் வந்து போறாங்க.

உப்புக்காத்து:
இது சரியான யோசனை, செரிஃபோஸை மறந்துடுங்க. ஆனா செவ்வாய் மத்தியானத்துக்குள்ள போய் சேருங்க, ஃபோர்காஸ்ட் எல்லாரும் தான் பாக்குறாங்க, லேட்டா போனா நடுவுல ஆழத்துல தான் இடம் கிடைக்கும்.

ஏரிமாலுமி:
ரொம்ப நன்றி அண்ணா, வாடைக்காரன் ப்ரோ உங்களுக்கும். திரும்பி வர்ற கணக்கு எனக்கு தோணவே இல்ல. வூர்காரில கரையில கட்டுறது நல்லதா, தள்ளி ஆங்கர் போட்டு நிக்கிறது நல்லதா? போட்ல 60 மீட்டர் செயின் இருக்கு, டெல்டா ஆங்கர்.

வாடைக்காரன்:
நான் கரையில கட்டுவேன், இறங்கி நடக்கலாம், பொண்டாட்டி பேச ஆரம்பிப்பாங்க.

உப்புக்காத்து:
நான் கட்ட மாட்டேன். கரையில வரிசையா நிக்கிறவன் எல்லாம் முன்னாடி ஆங்கர் போட்டிருப்பான், ஒருத்தன் செயின் மேல இன்னொருத்தன் செயின், நடுராத்திரி ஒருத்தன் ஆங்கர் பேந்தா பக்கத்துல நாலு போட்டும் சேந்து கரையில இடிக்கும். தள்ளி நின்னா உங்க ஆங்கர் உங்க கையில. கடல் புல் இருக்குற இடத்துல போடாதீங்க, டெல்டா அதுல வழுக்கிட்டே போகும், தண்ணிக்குள்ள வெளிறி தெரியுற மணல் திட்டா பாத்து போடுங்க. ஆழம் 5 மீட்டர்னா போட் மூக்கு உயரம் ஒன்றரையும் சேத்து ஆறரை, அதுக்கு ஏழு மடங்கு, 45 மீட்டர் செயின் விடுங்க. காத்துல போட் சுத்துனா எவ்ளோ வட்டம் வரும்னு முன்கூட்டியே பாத்துக்கணும். அப்புறம் ரிவர்ஸ்ல மெதுவா ஆரம்பிச்சு 2000 ஆர்பிஎம் வரைக்கும் ஏத்தி அரை நிமிஷம் இழுத்துப் பாருங்க, கரையில ரெண்டு அடையாளம் நேர்ல வெச்சு பாத்தா நகருதான்னு தெரிஞ்சிடும், மாஸ்க் போட்டு குதிச்சு ஒரு தடவை கண்ணாலயும் பாத்துடுங்க. காத்து 15 நாட்ல இருந்து 30 ஆச்சுன்னா செயின் மேல இழுவை ரெண்டு மடங்கு இல்ல, நாலு மடங்கு. அந்த பாரத்தை விண்ட்லஸ் (செயினை இழுக்குற மெஷின்) மேல விடாதீங்க, நைலான் கயிறு செயின்ல மாட்டி போட்ல கயிறு கட்டுற கொண்டில கட்டிடுங்க. பிமினி (வெயில் மறைப்புத் துணி) கழட்டி உள்ள வெச்சிடுங்க, டிங்கியை (கரைக்குப் போற சின்ன படகு) மேல ஏத்திடுங்க, 40 நாட்ல அது மோட்டரோட குப்புற கவுந்துடும்.

ஏரிமாலுமி:
எல்லாம் எழுதி வெச்சாச்சு. வெள்ளி அன்னைக்கு நிஜமாவே 8 இருந்தா?

வாடைக்காரன்:
கிளம்பாதீங்க, துறைமுக போலீஸும் விட மாட்டாங்க. வியாழனே சார்ட்டர் ஆபீஸுக்கு போன் பண்ணி சொல்லிடுங்க, மெல்டெமில லேட் ஆகுறது அவங்களுக்கு புதுசில்ல. வழக்கமா விடியக்காலைல கொஞ்சம் இறங்கும், அப்ப பாத்து அஞ்சரைக்கு கிளம்பலாம். வீட்டம்மாவுக்கு பயமா இருந்தா பக்கத்துல கொரிசியா துறைமுகம், நடந்தே போயிடலாம், லாவ்ரியோவுக்கு ஃபெர்ரி இருக்கு. அதுவும் 8 ஆச்சுன்னா நிறுத்திடுவாங்க, அதனால டிக்கெட்டை வியாழனுக்கே பாருங்க.