உகாண்டாவில் மூன்று மாத வேலை: மலேரியா மாத்திரை போட வேண்டுமா?

பவானி ஃபிட்டர்:

வணக்கம். பாய்லர் ஃபிட்டர் வேலை பார்க்கிறேன். ஊர் பவானி. ஜனவரி கடைசியில் உகாண்டாவில் ஜிஞ்சா பக்கம் ஒரு சர்க்கரை ஆலைக்கு மூன்று மாதம் போகிறேன். வெளிநாடு போவது இதுதான் முதல் தடவை. மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். மலேரியா மாத்திரையைப் பற்றிக் கேட்டால்தான் ஆளுக்கொரு பதில். ஏற்கெனவே போய்வந்த ஒருவர், "காவிரிக்கரைக் கொசுவுக்கே பழகின உடம்பு நமக்கு, மாத்திரையெல்லாம் வெள்ளைக்காரனுக்கு" என்கிறார். எனக்கு வயது 41, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இதோடு தினமும் இன்னொரு மாத்திரை என்றால் வீட்டில் பயப்படுகிறார்கள். வேறு எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

நைல்கரை:

தம்பி, மாத்திரையைக் கட்டாயம் போடுங்கள். நான் 2011 முதல் 2017 வரை லுகாசியிலும் ஜிஞ்சாவிலும் இருந்தவன். உங்களிடம் அவர் சொன்ன அதே வார்த்தையை என்னிடமும் ஒருவர் சொன்னார். நம்பினேன்.

உடம்பு பழகுவது என்றால் என்னவென்று அங்கே போன பிறகுதான் புரிந்தது. அந்த ஊர்க்காரர்கள் பிள்ளைப் பருவத்திலிருந்து திரும்பத் திரும்ப மலேரியா வந்து, ஓரளவு தாங்கும் சக்தி பெற்றவர்கள். அவர்களே சில வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தால் அந்தச் சக்தி குறைந்துவிடும். நமக்கு அது இருக்க வழியே இல்லை. மேலும், அங்கே பெரும்பாலும் இருப்பது ஃபால்சிபேரம் வகை. மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகிற வகை அது.

2014 தீபாவளிக்கு ஊருக்கு வந்தேன். வந்த பன்னிரண்டாம் நாள் குளிர்காய்ச்சல். பக்கத்து ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், தட்டணு குறைந்திருந்தது. மழைக்காலம், ஊரெல்லாம் டெங்கு. எனக்கும் அதுதான் என்று முடிவு செய்து குளுக்கோஸ் ஏற்றினார்கள். மலேரியாவிலும் தட்டணு குறையும் என்பது எனக்கு அப்போது தெரியாது. எங்கிருந்து வந்தேன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலை சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. அதைப் பார்த்து என் மனைவி பயந்துபோய், ரவுண்ட்ஸ் வந்த பெண் டாக்டரிடம், "இவர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து ரெண்டு வாரம்கூட ஆகலைங்க" என்றாள். அந்த டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை அப்படியே மூடிவிட்டு, நர்ஸை அழைத்து அங்கேயே என் விரலில் குத்தி ரத்தம் எடுக்கச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் மலேரியா என்று வந்துவிட்டது. ஐந்து நாள் ஐசியூ, ஆர்ட்டிசுனேட் ஊசி. அந்த ஒரு வாக்கியத்தை அவள் சொல்லாமல் இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

அதனால் திரும்பி வந்த பிறகு ஒரு வருடத்துக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும், டாக்டரிடம் முதல் வார்த்தையாக "உகாண்டா போய்வந்தேன், மலேரியா பாருங்கள்" என்று நீங்களே சொல்லுங்கள். முதல் மூன்று மாதம் இன்னும் கவனமாக இருங்கள். வீட்டிலும் இப்போதே சொல்லி வையுங்கள். காய்ச்சல் முற்றினால் நமக்குப் பேச்சு வராது.

மாத்திரை விஷயம். குளோரோகுயின் அங்கே பலிக்காது, யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். பிறகு நான் எடுத்தது டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், தினம் ஒன்று. போவதற்கு இரண்டு நாள் முன்பு ஆரம்பித்து, இருக்கும் நாளெல்லாம், திரும்பி வந்து நான்கு வாரம். உங்கள் கணக்குக்கு 2, 90, 28, மொத்தம் 120 மாத்திரை. கடைசி 28-ஐத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கிருமி கல்லீரலில் இருந்து ரத்தத்துக்கு வருவதற்கு நாளாகும், அதற்காகத்தான் அந்த நான்கு வாரம். சாப்பாட்டுக்குப் பிறகு நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள், உடனே படுக்காதீர்கள், நெஞ்சு எரியும். வெயிலில் தோல் சீக்கிரம் கருகும், தொப்பி வேண்டும். வேறு மாத்திரைகளும் உண்டு. எது ஒத்துக்கொள்ளும் என்பதை உங்கள் சர்க்கரை டாக்டரிடம் இப்போது சாப்பிடும் சீட்டைக் காட்டி முடிவு செய்யுங்கள்.

மாத்திரை போட்டாலும் கொசு கடிக்கக் கூடாது. மலேரியாக் கொசு கடிப்பது பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை. உங்களுக்கு நைட் ஷிப்ட் இருக்கும். பாய்லர் சூட்டுக்குச் சட்டையைக் கழற்றிவிட்டுச் சக்கைக் குவியல் பக்கம் காற்று வாங்கப் போவார்கள், செய்யாதீர்கள். முழுக்கைச் சட்டை, வெளியே தெரியும் இடத்தில் டீட் என்ற கொசுவிரட்டி மருந்து கலந்த களிம்பு. லேபிளில் டீட் 20 சதவீதத்துக்குக் குறையாமல் பார்த்து வாங்குங்கள். அங்கே ராத்திரி குளிர்ச்சியாக இருக்கும், கம்பாலாவே சுமார் 1200 மீட்டர் உயரம். குளிருக்குக் கொசு இருக்காது என்று வலையை மடித்து வைத்துவிடாதீர்கள்.

அப்புறம், ஜிஞ்சாவில் நைல் நதி புறப்படும் இடத்தில் காந்தி சிலை இருக்கிறது. 1948-இல் அவர் அஸ்தியில் ஒரு பங்கு அங்கே கரைக்கப்பட்டது. நம்மவர்கள் கட்டாயம் போவார்கள், நீங்களும் போங்கள். ஆனால் தண்ணீரில் இறங்கிக் கால் நனைக்காதீர்கள். விக்டோரியா ஏரியிலும் அதன் கரையோரத்திலும் நத்தையில் வளரும் ஒரு புழு இருக்கிறது, பில்ஹார்சியா என்பார்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்காவிட்டாலும் தோல் வழியாக உள்ளே போய்விடும். எங்கள் கேம்ப்பில் இரண்டு பேருக்கு வந்தது. ஊருக்குத் திரும்பி மாதக்கணக்கில் வயிற்று வலியோடு அலைந்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள்.

கம்பாலா அக்கா:

ஐயா எழுதியதை வரிக்கு வரி ஒப்புக்கொள்கிறேன். நான் இங்கே ஒன்பது வருடமாகக் குடியிருக்கிறேன். துணி விஷயம் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஈரத்துணியை வெளியே காயப்போட்டால் மாம்பழ ஈ என்ற ஒன்று அதில் முட்டையிடும். போட்டுக்கொண்டால் புழு தோலுக்குள் போய்க் கட்டி மாதிரி வீங்கும். என் சின்னவனுக்கு இடுப்பில் நாலு இடத்தில் வந்தது. கட்டியின் நடுவில் ஒரு சிறு துளை, உற்றுப் பார்த்தால் அசையும். வாஸ்லின் அப்பி மூடி வைத்து, மூச்சுத் திணறிப் புழு தலைநீட்டிய பிறகு எடுத்தோம். அதனால் பனியன், ஜட்டி, துண்டு, படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் சூடாக இஸ்திரி போட்டு உடுத்துங்கள், தையல் மடிப்பு உட்பட.

சாப்பாட்டுக்கு ரோலெக்ஸ் என்று கடைத்தெருவில் கிடைக்கும், சப்பாத்திக்குள் முட்டை. கல்லில் இருந்து சுடச்சுட எடுத்தால் பயமில்லை. உள்ளே வேகவைக்காமல் வைக்கும் தக்காளி, முட்டைக்கோஸை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போடா போடா என்கிற பைக் டாக்ஸியில் ராத்திரி ஏறாதீர்கள். நான் பார்த்தவரை நோயை விட அதில் அடிபட்டுப் படுத்தவர்களே அதிகம்.

லேப் டெக்னீஷியன்:

முதல் ரத்தப் பரிசோதனையில் மலேரியா இல்லை என்று வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். ஆரம்பத்தில் கிருமி குறைவாக இருக்கும், ஸ்லைடில் சிக்காது. 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் இன்னும் இரண்டு தடவை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

பவானி ஃபிட்டர்:

எல்லோருக்கும் நன்றி. இந்தப் பதிவை மனைவிக்கும் படித்துக் காட்டினேன், மாத்திரை சாப்பிடுவது என்று முடிவாகிவிட்டது. கொசுவலை இங்கிருந்தே எடுத்துப்போகட்டுமா? ஊசியை எத்தனை நாள் முன்பு போட வேண்டும்?

நைல்கரை:

ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். அதனால் ஒரு மாதம் முன்பே போடுங்கள். நான் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டேன். பாஸ்போர்ட்டை எடுத்துப் போங்கள், சர்க்கரை இருப்பதையும் சொல்லுங்கள். ஒரு ஊசி ஆயுளுக்கும் போதும். சான்றிதழாகத் தரும் மஞ்சள் அட்டையைப் பத்திரமாக வையுங்கள். அது இல்லாமல் இந்தியாவுக்குத் திரும்பினால் ஆறு நாள் வரை தனியாக வைத்துவிடுவார்கள்.

வலை இங்கேயே வாங்குங்கள், மெத்தைக்கு அடியில் செருகுகிற அளவுக்கு நீளமாக. கேம்ப் கட்டிலில் கம்பி இருக்காது. பத்து மீட்டர் நைலான் கயிறும் நாலு ஆணியும் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். ஆணி கைப்பையில் வேண்டாம், செக்-இன் பெட்டியில் வையுங்கள்.