ஓடுகிற மெஷினை ஏன் மாற்றணும்?

மஞ்சக்குப்பம்_டிடிபி
கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். ஐ3 ஆறாம் தலைமுறை, 4 ஜிபி ரேம், பழைய ஹார்டுடிஸ்க், விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-ஐ மைக்ரோசாஃப்ட் கைகழுவிவிட்டது, விண்டோஸ் 11 இந்த மெஷினில் ஏறாது, புதுசு வாங்கு என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் சொல்கிறார்கள். வாடகை ஒப்பந்தம், பிரமாணப் பத்திரம், மனு. இதற்கு எட்டு கோர் பிராசசர் எதற்கு? என் விரல் வேகம்தான் கடை வேகம். புது சிஸ்டம் 40 ஆயிரத்துக்குக் குறையாது. தள்ளிப்போடுகிறவனைக் கஞ்சன் என்பதற்கு முன்னால் உருப்படியாக ஒரு காரணம் சொல்லுங்கள்.

பாண்டி_ஸ்டுடியோ
கஞ்சன் என்று சொல்ல மாட்டேன் அண்ணே. நேரத்துக்குக் கணக்குப் போடாதவர் என்று சொல்வேன். நான் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். இப்போது வரும் கேமராக்கள் 4கே, 10 பிட், 4:2:2 என்று நிறமும் விவரமும் கூடிய கனமான ஃபைல் தருகின்றன. பழைய மெஷினில் டைம்லைனில் போட்டால் மாப்பிள்ளை தாலி கட்டும் இடத்தில் அப்படியே நிற்பார், நாதஸ்வரம் மட்டும் ஓடும். பிராக்ஸி, அதாவது எடிட்டுக்கென்று லேசான நகல், போட்டுத்தான் ஒப்பேற்றினோம். ராத்திரி பிராக்ஸி, பகலில் எடிட். டெஸ்க்டாப்பில் இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸே இந்த ஃபைலை, ஹெச்.265 வகை என்றால், பிரித்துவிடுகிறது. (பெயர் எஃப் என்று முடியும் பிராசசரை வாங்கிவிடாதீர்கள், அதில் கிராஃபிக்ஸ் கிடையாது.) இஎம்ஐ போட்டுத்தான் வாங்கினேன். தை மாத முகூர்த்தங்களில் முன்பு திருப்பி அனுப்பிய ஆர்டரை எல்லாம் எடுக்க முடிந்தது. தள்ளிப்போட்ட நாட்களில் போன காசு யார் கணக்கில்?

மஞ்சக்குப்பம்_டிடிபி
தம்பி, உங்கள் பிழைப்பு வீடியோ. அதற்கு மெஷின் வேகம் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். என் கடைக்கு வாங்க. பத்திர மாதிரிகள் எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேரில், யூனிகோடு என்ற பொது எழுத்து முறை வராத காலத்து எழுத்துருவில் இருக்கின்றன. ஸ்கேனரை ஓட்டும் சாஃப்ட்வேர், அதாவது டிரைவர், 32 பிட் விண்டோஸுக்கு மட்டும்தான். 64 பிட்டுக்கு அந்தக் கம்பெனி விடவே இல்லை. அதனால்தான் விண்டோஸையும் 32 பிட்டிலேயே வைத்திருக்கிறேன். விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. ஆக, பெட்டியை மாற்றினால் ஸ்கேனரை மாற்றணும், ஸ்கேனரோடு சாஃப்ட்வேர், சாஃப்ட்வேரோடு எழுத்துரு, கடைசியில் என் கையையே மாற்றணும். 40 ஆயிரம் வெறும் முன்பணம். ஊரில் பாதிப் பேர் தள்ளிப்போடுவது இதனால்தான். கடைக்காரர் பெட்டி விலையை மட்டும் சொல்வார்.

ரேம்_பித்தன்
என் கதை நேர் எதிர். எனக்கு மாற்ற ஆசை, காசுதான் பிரச்சினை. ரைசன் 5 3600 பிராசசர், பி450 போர்டு, அதாவது ஏஎம்4 வகை. 2025 தீபாவளிக்கு ஏஎம்5 என்ற புது வகை போர்டுக்குப் போகலாம் என்று இருந்தேன். அதற்கு டிடிஆர்5 என்ற புது வகை ரேம்தான் போட முடியும், அதன் விலையோ அதற்குள் ஏற ஆரம்பித்து, சில மாதத்தில் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்று பேரும் ஏஐ டேட்டா சென்டருக்கு மெமரி செய்வதில் மும்முரமாக இருக்கிறார்கள். மைக்ரான் டிசம்பரில் க்ரூசியல் என்ற நம்ம மாதிரி ஆட்களுக்கான பிராண்டையே மூடப்போவதாக அறிவித்தது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால், "இது இன்னிக்கு விலை தம்பி, நாளைக்கு கேரண்டி இல்ல" என்கிறார்கள்.

பாண்டி_ஸ்டுடியோ
பார்த்தீர்களா? ஆடித் தள்ளுபடியிலேயே வாங்கியவன் இப்போது சிரிக்கிறான்.

ரேம்_பித்தன்
அப்படிச் சொல்லிவிட முடியாதுண்ணா. 2021-இல் கிரிப்டோ காசு உருவாக்கும் மைனிங்குக்கு அள்ளிக்கொண்டு போனதில் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் இதே கூத்துதான். அடுத்த வருஷம் கிரிப்டோ சரிந்தது, 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ மைனிங்கையே விட்டது, பழைய கார்டுகள் சந்தையில் கொட்டின. பயந்து இரட்டை விலை கொடுத்தவன் தலையில் துண்டு. நான் அதே ஏஎம்4 போர்டில் பயாஸ் என்ற அதன் அடிப்படை சாஃப்ட்வேரை அப்டேட் செய்து 5000 வரிசை பிராசசர் ஒன்றைப் போடப்போகிறேன். ரேம் பழசே.

கணக்கு_அக்கா
திருப்பாதிரிப்புலியூரில் ஆடிட்டர் ஆபீஸில் வேலை செய்கிறேன். வேகத்தையும் விலையையும் விடுங்கள். டிடிபி அண்ணே, உங்கள் டெஸ்க்டாப்பில் எத்தனை பேர் ஆதார் நகல் கிடக்கிறது? பான் கார்டு, பாஸ்புக் முதல் பக்கம், கிரயப் பத்திர டிராஃப்ட்? அதே மெஷினில் வாட்ஸ்அப் வெப் திறந்திருக்கும், வருகிறவர் போகிறவர் பென்டிரைவ் எல்லாம் ஏறும். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன மெஷினில் இதெல்லாம் இருக்கலாமா? உங்கள் பொருள் திருடு போனால் உங்கள் பாடு. இது ஊரார் காகிதம்.

மஞ்சக்குப்பம்_டிடிபி
அக்கா, பயமுறுத்தாதீர்கள். 2017-இல் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் வந்து உலகமே அலறியதே, அப்போது அதிகம் மாட்டியது விண்டோஸ் 7. அதற்கு அன்றைக்கு சப்போர்ட் இருந்தது. சப்போர்ட் இருந்தும் மாட்டினார்களே!

கணக்கு_அக்கா
ஏன் மாட்டினார்கள்? மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே ஓட்டையை அடைத்து அப்டேட் விட்டது, மே மாதம்தான் வானாக்ரை வந்தது. நடுவில் அப்டேட் போடாதவர்கள் மாட்டினார்கள். அவர்கள் கையில் மருந்து இருந்தது. காசு கட்டாமல் உங்களுக்கு இனி மருந்தே வராது. வீட்டு உபயோகத்துக்கு என்றால் 2026 அக்டோபர் வரை அப்டேட் நீட்டிப்பு இலவசமாகவோ 30 டாலருக்கோ கிடைக்கும். தொழிலுக்கு என்றால் முதல் வருஷம் மெஷினுக்கு 61 டாலர், அடுத்த வருஷம் அதுபோல் இரண்டு மடங்கு. அப்புறம் அந்த எழுத்துரு விஷயம். தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடுக்கு மாறச் சொல்லிவிட்டது. மாற்றித் தரும் கன்வர்ட்டர் இலவசமாகக் கிடைக்கிறது. மழைக்காலத்தில் கடை காலியாக இருக்கும்போது தினம் நாலு ஃபைல் மாற்றியிருக்கலாம்.

உப்புக்காற்று_சர்வீஸ்
இரண்டு பக்கமும் படித்தேன். பாண்டியிலும் கடலூரிலும் ரிப்பேர் பார்க்கிறேன். நம்ம ஊரில் மெஷினை எப்போது மாற்றுவது என்பதை மைக்ரோசாஃப்ட் முடிவு செய்வதில்லை, கடல்தான் முடிவு செய்யும். தேவனாம்பட்டினம் பக்கமிருந்து வரும் கேபினட்டைத் திறந்தால் ஸ்க்ரூ தலை செம்பட்டையாக இருக்கும், ஹீட்சிங்க் மேல் வெள்ளைப் பூ பூத்திருக்கும். "ஆன் பண்ணா பீப் பீப்னு கத்துது, படம் வரல" என்பார்கள். ரேமைக் கழற்றி, பொன் நிறப் பல்லை ரப்பரால் தேய்த்துத் திரும்பப் போட்டால் ஓடும். எத்தனை முறை ஓடும் என்று நான் எழுதிக்கொடுக்க முடியாது.

வெள்ளம் வேறு. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது பாண்டியில் ஒரே நாளில் 48 செ.மீ. மழை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கம் சிபியூவைத் தரையில் வைத்திருந்தவர்கள் எல்லாம் மறுவாரமே புதுசு வாங்கினார்கள். அவர்களில் தள்ளிப்போட்டவர், போடாதவர் என்று பேதமே இல்லை. பேக்கப் வைத்தவர், வைக்காதவர் என்ற பேதம் மட்டும் இருந்தது.

டிடிபி அண்ணன் ஸ்கேனர் பற்றிச் சொன்னது நியாயம். ஆனால் 32 பிட் விண்டோஸில் 4 ஜிபிக்கு மேல் ரேம் போட்டாலும் பிரயோஜனம் இல்லை, அங்கேயே முட்டி நிற்கிறீர்கள். என் யோசனை: பழைய மெஷினிலிருந்து நெட் ஒயரைப் பிடுங்குங்கள். பேஜ்மேக்கர், ஸ்கேனர் மட்டும் அதில் இருக்கட்டும். ஹார்டுடிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு சாட்டா எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க், போடுங்கள். நெட், வாட்ஸ்அப், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் கம்பெனிகள் கழித்துவிட்ட எட்டாம் தலைமுறை ஐ5 ஒன்று. விண்டோஸ் 11 முறைப்படி ஏறுகிற இன்டெல் பொதுவாக அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மஞ்சக்குப்பம்_டிடிபி
இரண்டு மெஷினா? மேஜையில் இடம் எங்கே இருக்கிறது? ஜெராக்ஸ் மெஷினைத் தலையில் வைத்துக்கொள்ளவா?

உப்புக்காற்று_சர்வீஸ்
மினி பிசி வாங்குங்கண்ணே. மானிட்டர் முதுகிலேயே மாட்டிவிடலாம். ஒரே மானிட்டர், இரண்டு கேபிள் போதும்.

கணக்கு_அக்கா
இரண்டுக்கும் நடுவில் பென்டிரைவ் போய்வரும் இல்லையா? அதற்கென்று ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கஸ்டமர் பென்டிரைவ் பழைய மெஷினுக்குப் போகவே கூடாது.

மஞ்சக்குப்பம்_டிடிபி
சரி, ஸ்கேனர் பிழைத்தது. அந்த மினி பிசி என்ன விலைக்குக் கிடைக்கும்?

ரேம்_பித்தன்
விலை கேட்பதற்கு முன்னால் உள்ளே ரேம் இருக்கிறதா என்று கேளுங்கண்ணே. இப்போது சிலர் அதைக் கழற்றித் தனியாக விற்றுவிட்டு வெறும் பெட்டியைத் தள்ளிவிடுகிறார்கள்.