ஃபிரிட்ஜ் கைப்பிடி மாற்றிய அனுபவம்: அம்மா கையை வைத்துத்தான் தேர்ந்தெடுத்தோம்

சிங்கப்பூரில் பொங்கோல் வீட்டுக்குக் குடிவந்தபோது, சமையலறை அலமாரிகளோடு ஒரே வரிசையாகத் தெரியவேண்டும் என்று ஆசைப்பட்டு, முன்னால் மரப்பலகை பொருத்திக்கொள்ளும் வகை ஃபிரிட்ஜ் வாங்கினோம். சப் ஜீரோ, மியலே, லீப்ஹெர் எல்லாம் இந்த வகையைச் செய்கின்றன. இதில் பலகையும் கைப்பிடியும் பெரும்பாலும் நம் பொறுப்புதான். எங்கள் தச்சர் அலமாரிகளுக்குப் போட்ட அதே தங்க நிறக் கைப்பிடியை ஃபிரிட்ஜுக்கும் போட்டுவிட்டார். துளைக்குத் துளை 160 மில்லிமீட்டர், சுண்டுவிரலைவிட மெலிசு. பார்க்க அழகாக இருந்தது, நானும் சரி என்றுவிட்டேன்.

ஒருநாள் விடிகாலையில் தண்ணீர் குடிக்க எழுந்துபோனேன். அம்மா இட்லி மாவை எடுக்க நின்றிருந்தார். சேலை முந்தானையைக் கைப்பிடியில் இரண்டு சுற்று சுற்றி, இடது கையால் பக்கத்து அலமாரியைப் பிடித்துக்கொண்டு, உடம்பையே பின்னால் சாய்த்து இழுத்தார். விரல் மூட்டு வலி அவருக்குப் பல வருஷமாக உண்டு. “எத்தன நாளாம்மா இப்படி?” என்று கேட்டேன். “வந்த நாள்லேர்ந்து இப்படித்தான்பா, கம்பி விரல அறுக்குது” என்றார். எனக்கு மனசு தாங்கவில்லை. பகலில் பார்த்தால் கீழ்த்திருகு ஆடிக்கொண்டிருந்தது. மஞ்சள் கை பட்டுப்பட்டு, பிடிக்கும் இடத்தில் தங்கப்பூச்சும் உரிந்திருந்தது.

அலமாரிக் கதவு வேறு, ஃபிரிட்ஜ் கதவு வேறு. ஃபிரிட்ஜைத் திறந்ததும் நம் ஊர் வெக்கைக் காற்று உள்ளே போகிறது. மூடியதும் அது குளிர்ந்து சுருங்க, உள்ளே அழுத்தம் குறைகிறது. ஓரத்து ரப்பரில் இருக்கும் காந்தமும் இழுத்துப் பிடிக்கிறது. மூடிய உடனே மறுபடி திறக்கும்போது கதவு அடம்பிடிப்பது இதனால்தான். அலமாரிக் கைப்பிடியின் மெல்லிய திருகு, நாள் முழுக்க இப்படி இழுத்தால் தளர்ந்துபோகலாம்.

அடுத்த சனிக்கிழமை அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஜாலான் புசார் பக்கம் போனேன். கதவு, குழாய்ச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் இடம். கடைக்கார அங்கிள் நல்ல மனிதர். ஒவ்வொரு கைப்பிடியையும் மாதிரிப் பலகையோடு மேசையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, “ஆன்ட்டி, புல், புல்” என்றார். அம்மா ஏழெட்டை இழுத்துப் பார்த்தார். கடைசியில் அவர் விடாமல் பிடித்திருந்தது உருண்டையான 304 ரக எவர்சில்வர் கம்பி. துளைக்குத் துளை 457 மில்லிமீட்டர், அதாவது 18 அங்குலம். கம்பிக்கும் பலகைக்கும் நடுவே 4 சென்டிமீட்டர் இடைவெளி இருப்பதால், வீங்கிய மூட்டோடும் நாலு விரலும் முழுசாக உள்ளே போயின. விலை 90 வெள்ளிக்கு மேல். எனக்குத் தங்க நிறத்தில்தான் ஆசை, ஆனால் அதை அப்போதே விட்டுவிட்டேன்.

பொருத்துவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தோம். டிஷ்யூ சுருள் அட்டைகளைக் கோர்த்து, கைப்பிடி வரப்போகும் இடத்தில் டேப் போட்டு இரண்டு நாள் விட்டோம். அதில் இரண்டு சங்கதி தெரிந்தது. தச்சர் வைத்திருந்த உயரம் அம்மாவின் தோளுக்கு மேலே இருந்தது. கதவை அகலத் திறந்தால் கைப்பிடி பக்கச் சுவரில் இடிக்கும், அப்போது உள்ளே காய்கறி இழுப்பறை முழுசாக வெளியே வராது. உயரத்தைக் கொஞ்சம் இறக்கினோம். சுவர்ப்பக்கம் இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்க, உள்ளே தள்ளி நிற்கும் பழைய துளைகளின் நேர்கோட்டிலேயே புதிய துளைகளைப் போட்டோம். அடைத்த பழைய துளைகள் கம்பிக்குப் பின்னால் மறைந்தே போயின.

திருகு பலகையின் பின்பக்கத்திலிருந்து வரவேண்டும். பலகையைக் கழற்றித்தான் செய்யமுடியும். திருகின் தலை மரத்துக்குள் புதையவில்லை என்றால் பலகை கதவோடு ஒட்டி உட்காராது. நீளமும் முக்கியம். எங்கள் பலகை 19 மில்லிமீட்டர். கூட வந்த திருகு நீளம் அதிகமாகி, இறுக்கியும் கைப்பிடி ஆடியது. அங்கிளிடமே போய்ச் சின்னது வாங்கி வந்தேன்.

புக்கிட் பாத்தோக்கிலிருந்து ஒரு அக்கா எழுதிய பதில்:

தம்பி, எங்கள் வீட்டில் அமெரிக்க வகை, முழுக்க எவர்சில்வர் கதவு. கைப்பிடி கடகடவென்று ஆடியபோது கதவே போச்சு என்று பயந்தேன். கைப்பிடிக் காலின் பக்கவாட்டில் குட்டித் திருகு ஒன்று ஒளிந்திருந்தது, அதுதான் தளர்ந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் 2.5 மில்லிமீட்டர் அறுகோணச் சாவியை நுழைத்தார், போகவில்லை. 2 மில்லிமீட்டர் உள்ளே போய் வெறுமனே சுற்றியது. அங்குல அளவுச் சாவி வேண்டும், 3/32. அதில் ஒரே திருப்பில் இறுகிவிட்டது. சின்னச் சாவியைப் போட்டுத் திருகின் வாயைக் கெடுத்துவிடாதீர்கள். இன்னொன்று, குளோரின் கலந்த துடைப்பானை எவர்சில்வரில் போடவே கூடாது. எனக்குப் புள்ளி புள்ளியாகத் துரு வந்தது. வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, ஈரம் போகத் துடைத்தால் போதும்.

செங்காங்கிலிருந்து ஒரு தம்பி:

அண்ணே, கனமான கைப்பிடி போட்டால் கதவு தொங்காதா?

முதலில் எழுதியவர்:

நல்ல கேள்வி தம்பி. ஃபிரிட்ஜோடு வந்த பொருத்தும் கையேட்டில், பலகை இவ்வளவு எடைக்குமேல் கூடாது என்று போட்டிருப்பார்கள். பலகையையும் கைப்பிடியையும் சேர்த்து எடைபோட்டுக்கொள்ளுங்கள். நான் பலகையைக் குளியலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், கைப்பிடியோடும் கணக்குக்குள் வந்தது. மாற்றி நாலு மாதமாகிறது, கதவு இறங்கவில்லை. இன்று காலை அம்மா ஒரு கையில் மாவுச் சட்டியை வைத்துக்கொண்டு மறு கையால் திறந்தார்.