அப்டேட் போட்டு மாட்டியவர்கள், போடாமல் மாட்டியவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

அம்பத்தூர் அட்மின்

சர்வரில் ஓடும் ஓஎஸ் டெபியன் 9-க்கு 2022 ஜூனோடு ஆதரவு முடிகிறது, இனி பாதுகாப்புத் திருத்தம் வராது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து 10-க்கு ஏற்றினேன். எஸ்டேட்டில் உதிரிபாகம் விற்கும் இடம், ஒரே சர்வர், பில்லிங் முழுக்க அதில்தான். பில்லிங் டேட்டா இருக்கும் டேட்டாபேஸ், போஸ்ட்கிரெஸ், அதன் பக்கம் பயத்தில் கையே வைக்கவில்லை, 9.6-ஐ அப்படியே ஓட விட்டேன். எல்லாம் ஒழுங்காக எழுந்தது, நானும் பிரியாணி சாப்பிட்டுப் படுத்துவிட்டேன்.

திங்கள் காலை பில் போடும் அக்காவிடமிருந்து போன். "சார், 1-1 வால்வு தேடுனா இல்லைங்குது, மொத்த லிஸ்ட் எடுத்தா இருக்குது. நான் பாட்டுக்குப் புதுசா ஏத்திட்டேன்." போய்ப் பார்த்தால் ஒரே எண் இரண்டு வரி. அந்த எண் திரும்ப வரவே கூடாது என்று யுனிக் போட்டு வைத்த டேபிள் அது!

மத்தியானம் வரை டிஸ்க் போய்விட்டது என்றே நினைத்தேன். குற்றவாளி ஜிலிப்சி, ஓஎஸ்ஸின் அடிப்படை நூலகம். 2.28-இல் எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதத்தை மாற்றியிருக்கிறார்கள், டெபியன் 10-இல் வருவது அதுதான். பழையதில் 11 முதலில், 1-1 அப்புறம். புதியதில் 1-1 முதலில். இண்டெக்ஸ், அதாவது டேட்டாபேஸ் தேடப் பயன்படுத்தும் அட்டவணை, பழைய வரிசையில் அடுக்கியது, தேடுவது புது வரிசைப்படி, அப்புறம் எங்கே கிடைக்கும். ரீஇண்டெக்ஸ் கொடுத்து அதைத் திரும்பக் கட்டினால் சரியாகும், ஆனால் இரட்டை வரிகளைக் கையால் எடுத்த பிறகுதான் அதுவும் ஓடும்.

எரிச்சல் எதில் என்றால், அன்றே டேட்டா முழுவதையும் டம்ப்பாக வெளியே எடுத்து போஸ்ட்கிரெஸையும் 11-க்கு மாற்றியிருந்தால் இண்டெக்ஸ் புதிதாகக் கட்டப்பட்டிருக்கும், இந்தக் கூத்தே இல்லை.

ஓஎம்ஆர் ஆந்தை

என்னுடையது நேர் எதிர். 2024 மார்ச் 29, புனித வெள்ளி ராத்திரி, பெருங்குடியில் டீக்கடை வாசலில் நிற்கிறேன், எக்ஸ்இசட்டில் (ஃபைல்களைச் சுருக்கும் மென்பொருள்) யாரோ திருட்டுத்தனமாக நுழையப் பின்வாசல் வைத்திருக்கிறார்கள் என்று செய்தி வருகிறது. ஆபீஸ் சர்வர்கள் எல்லாம் டெபியன் 12, அதில் எக்ஸ்இசட் பழைய 5.4.1. கவலையில்லை. ஆனால் முதுகில் தொங்கும் சொந்த லேப்டாப்பில் டெபியனின் டெஸ்டிங், அடுத்த வெர்ஷனுக்கான சோதனைப் பதிப்பு, போட்டிருந்தேன், எல்லாம் புதுசாக வேண்டும் என்ற ஆசையில். பெஞ்சிலேயே திறந்து பார்த்தால் 5.6.1, பின்வாசல் வைத்த அதே வெர்ஷன். டீ ஆறிப்போனது.

எஸ்எஸ்எச் லாகின் (தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைவது) அரை விநாடி தாமதமாகிறதே என்று ஒரு மனுஷர், ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட், துருவிப் பார்க்கவில்லை என்றால் அது சத்தமில்லாமல் எல்லோரும் நம்பி ஓட்டும் ஸ்டேபிள் பதிப்புக்கும் இறங்கியிருக்கும். டெபியன் அவசரமாக விட்ட திருத்தத்தின் வெர்ஷன் எண்ணைப் பார்த்தீர்களா? 5.6.1+ரியலி5.4.5. பேருக்குத்தான் 5.6.1, உள்ளே நிஜத்தில் பழைய 5.4.5. அந்த "ரியலி"யைப் பார்த்துச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சனிக்கிழமை முழுக்க லேப்டாப்பைத் துடைத்து, எல்லா லாகின் சாவியையும் மாற்றினேன்.

பழைய பேட்டரி

அதனால்தான் சொல்கிறேன், ஓடுகிற வண்டியைத் தொடாதே. 2014 ஏப்ரலில், வெப்சைட் இணைப்பைப் பூட்டும் ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியானபோது பக்கத்து ஆபீஸ்காரர்கள் விடிய விடிய சான்றிதழ் மாற்றினார்கள். எங்களிடம் ஓபன்எஸ்எஸ்எல் 0.9.8. ஓட்டை 1.0.1-இல்தான். நான் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கலாம் என்று கிளம்பிவிட்டேன். அம்பத்தூர்க்காரர் 9-லேயே இருந்திருந்தால் வால்வு தொலைந்திருக்குமா?

தி.நகர் டெக்

ஐயா, அந்தக் கதையின் இரண்டாம் பாதியை நான் சொல்கிறேன். ஹார்ட்பிளீடைக் கொண்டுவந்த அதே 1.0.1-தான் டிஎல்எஸ் 1.2-ஐயும், அதாவது இணைப்பைப் பூட்டும் முறையின் புது வெர்ஷனையும், கொண்டுவந்தது. 0.9.8-இல் அது கிடையாது, அதன் ஆதரவும் 2015 டிசம்பரோடு, நம் ஊரில் வெள்ளம் வந்த அதே மாதத்தோடு, முடிந்தது. ஒரு புடவைக் கடையின் ஆன்லைன் பக்கத்தை உங்களை மாதிரியே தொடாமல் வைத்திருந்தேன். கார்டு பணத்துக்கான பாதுகாப்பு விதி, பழைய டிஎல்எஸ்ஸை 2018 ஜூன் 30-க்குள் நிறுத்தச் சொன்னது. ஜூலையில் ஒரு காலை பேமென்ட் பக்கம் இணைப்பையே ஏற்கவில்லை. ஆடித் தள்ளுபடி ஆரம்பிக்கிற நேரம்! முதலாளி போனில் கத்தவில்லை, "தம்பி, கூடையில நானூறு பேர் நிக்கறாங்கப்பா"ன்னு மெதுவாகச் சொன்னார். கத்தியிருக்கலாம்.

நான்கு வருஷத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வேண்டியதை இரண்டு ராத்திரியில் செய்தேன். ஓஎஸ், பிஎச்பி, மைஎஸ்க்யூஎல், எல்லாம் ஒரே மூச்சில். எது உடைந்தது எதனால் உடைந்தது என்று இன்றுவரை தெரியாது.

கிண்டி குமாஸ்தா

எனக்குப் பெரிய கதை இல்லை, டெபியன் 12-இல் பைதான் பேக்கேஜ் ஏற்ற பிப் இன்ஸ்டால் கொடுத்தால் "இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது" என்று முகத்தில் கதவைச் சாத்தியது, அவ்வளவுதான். ஆனால் எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன். ஓஎஸ்ஸை ஸ்டேபிளில் வையுங்கள், புதுசாகத் தேவைப்படும் ஒன்றிரண்டை மட்டும் பேக்போர்ட்ஸிலிருந்து எடுங்கள், அது டெஸ்டிங்கில் இருப்பதை ஸ்டேபிளுக்காகத் திரும்பக் கட்டியதுதான். ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு ஓஎஸ் ஓட்டுபவர்கள் பேக்கேஜ்களின் காலாண்டுக் கிளையிலேயே இருங்கள், ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபரில் வரும், நடுவில் பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தங்கள்தான். மேஜர் வெர்ஷன் வந்த அன்றே தாவாதீர்கள், முதல் பாயின்ட் ரிலீஸ், அதாவது திருத்தங்கள் சேர்த்த முதல் பதிப்பு, வரட்டும். பேக்கப்பை எடுத்தால் போதாது, வேறு மெஷினில் ஏற்றிப் பாருங்கள். நிஜ டேட்டாவோடு ஒரு ஸ்டேஜிங், ஒத்திகை பார்க்கத் தனி சர்வர், வையுங்கள், அம்பத்தூர் அட்மின் அதைச் செய்திருந்தால் ஞாயிற்றுக்கிழமையே 1-1 வால்வு...

அம்பத்தூர் அட்மின்

பாஸ், யூபிஎஸ் பேட்டரி மாற்றவே ஓனரிடம் ஆறு மாதம் கெஞ்சினேன், ஸ்டேஜிங்காம்.

பழைய பேட்டரி ஐயாவுக்கு: 9-லேயே இருந்திருந்தால் வால்வு தொலைந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். தி.நகர்க்காரரின் நானூறு பேர் எனக்கு வந்திருப்பார்கள்.

சொல்ல விட்டுப்போனது ஒன்று. இரட்டை வரிகளில் நான் அழித்தது தப்பான வரியை, சரியான ஸ்டாக் எண்ணிக்கை அதில்தான் இருந்தது. அக்கா கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்திருந்ததால் தப்பித்தேன். இப்போது 10-க்கும் 2024 ஜூனோடு ஆதரவு முடிந்துவிட்டது. சர்வர் இன்னும் 10-இல்தான் ஓடுகிறது. போன வாரம் மெதுவாக விஷயத்தை ஆரம்பித்தேன், அக்கா ஒன்றும் பேசாமல் டிராயரைத் திறந்து புது நோட்டு ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார்.