பிறந்தநாளுக்கு டிசம்பர் லெவன்வொர்த்: போகலாமா, வேண்டாமா?

சியாட்டில்சீனு:
மனைவியின் பிறந்தநாள் இந்த முறை டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமையில் வருகிறது. வெள்ளி மாலை கிளம்பி ஞாயிறு திரும்புவதுபோல, மலைக்கு அந்தப் பக்கம் பவேரிய பாணியில் இருக்கிற லெவன்வொர்த் என்ற சின்ன ஊருக்குப் போகலாமா என்று யோசனை. அந்தக் கிறிஸ்துமஸ் விளக்குகளைப் பார்க்கவேண்டும் என்று அவள் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பையனை என் தங்கை பார்த்துக்கொள்வாள். மனைவிக்கு இன்னும் தெரியாது, சர்ப்ரைஸ். ஊர் நடுவில் ஒரு விடுதியில் அறை இருக்கிறது. ஆனால் இரண்டு இரவு எடுத்தால்தான் தருவார்களாம், ஓர் இரவு 400 டாலருக்கு மேல், ரத்து செய்தால் காசு திரும்பாது. நாளைக்குள் முடிவு சொல்லவேண்டும். போய்வந்தவர்கள் சொல்லுங்கள், இவ்வளவு செலவுக்கு அங்கே விஷயம் இருக்கிறதா?

காஸ்கேட்காரன்:
ஊர் வேண்டாம் என்று சொல்லவில்லை. டிசம்பர் சனிக்கிழமை வேண்டாம் என்கிறேன்.

2020 கணக்கெடுப்பில் 2,400 பேர்கூட இல்லாத ஊர் அது. பார்க்க வேண்டியதெல்லாம் ஃப்ரண்ட் ஸ்ட்ரீட்டிலும் அதை ஒட்டியும்தான். சியாட்டில் பக்கத்திலிருந்து கிளம்புகிற பெரும்பாலான கார்கள் அதற்குள் நுழைவது யூ.எஸ். 2 என்ற ஒரே சாலை வழியாக. வழியிலுள்ள மன்றோ ஊரைத் தாண்டினால் சுல்தான், கோல்ட் பார் வரைக்கும் போக ஒரு லேன், வர ஒரு லேன். சாதாரண நாளில் இரண்டரை மணி நேரப் பயணம், அந்த வாரக்கடைசியில் எவ்வளவு ஆகும் என்று யாரும் உத்தரவாதம் தரமுடியாது. போய்ச் சேர்ந்தபின் பார்க்கிங் தேடும் படலம் தனி.

இதில் வேடிக்கை, அதே விளக்குகள் பிப்ரவரியிலும் எரிகின்றன. ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை போனால் அறை வாடகையும் இறங்கியிருக்கும், தெருவும் உங்களுடையது.

விளக்குப்பூச்சி:
டிசம்பர் பிறந்தநாளை ஜனவரி செவ்வாய்க்கிழமை கொண்டாடச் சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும் காஸ்கேட்காரரே.

நீங்கள் சொல்வது காலையில் வந்து இரவு திரும்புகிறவர்களின் கஷ்டம். சீனு ஊருக்குள்ளேயே அறை எடுக்கிறார். அந்தச் சீசனில் நாலே கால் மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். ஐந்திலிருந்து எட்டு வரை நெரிசல்தான், மறுக்கவில்லை. அப்புறம் கார்காரர்கள் மலையேறி வீடு திரும்பவேண்டுமே என்ற கவலையில் கிளம்பிவிடுவார்கள். ஒன்பது, பத்து மணிக்கு வெளியே வந்து பாருங்கள், மொத்த விளக்கும் எரிந்துகொண்டிருக்கும், ஆள் இருக்கமாட்டார்கள். அந்த 400 டாலர் கட்டிலுக்கு இல்லை, அந்த ஒரு மணி நேரத்துக்கு. காலையிலும் அப்படித்தான். கடை திறக்கும் முன் வெனாச்சி ஆற்றங்கரைப் பூங்காவில் நடந்துவிட்டு வரலாம்.

இன்னொன்று, எல்லோரும் கூட்டத்தைத் திட்டுகிறீர்கள். பூங்கா மண்டபத்தில் பாட்டுக்குழு பாட, பனி விழுந்திருந்தால் பக்கத்துச் சரிவில் குழந்தைகள் சறுக்கிக்கொண்டிருக்க, கையில் சூடாக ஒரு கோப்பையோடு நிற்பதுதான் அந்த ஊர். ஆளில்லாத தெருவில் விளக்கு மட்டும் பார்ப்பதற்கு வீட்டு வாசலில் சீரியல் செட் போட்டுக்கொள்ளலாம்.

காஸ்கேட்காரன்:
சற்று முன்புதான் "ஆள் இருக்கமாட்டார்கள்" என்று விற்றீர்கள், இப்போது கூட்டமே ஊர் என்கிறீர்கள். ஏதாவது ஒன்றில் நில்லுங்கள்.

விளக்குப்பூச்சி:
இரண்டும் வேண்டும். தங்குகிறவர்களுக்கு இரண்டும் கிடைக்கும். அதைத்தானே சொன்னேன்!

நிஜஜெர்மனி:
கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள். ஜெர்மனியின் பவேரியா மாதிரி அட்டை வைத்து அலங்கரித்த ஓர் அமெரிக்க ஊருக்கு 800 டாலரா? காபி சங்கிலிக் கடையின் பெயர்ப்பலகைகூட பழைய ஜெர்மன் எழுத்துப் பாணியில்தான் இருக்கவேண்டும் என்று சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். எல்லாம் செட்.

இரயில்சிநேகிதன்:
செட்தான், ஆனால் அந்த செட்டுக்குப் பின்னால் ஒரு பசி இருக்கிறது. லெவன்வொர்த் ரயிலையும் மரம் அறுப்பதையும் நம்பி வாழ்ந்த ஊர். 1920களில் கிரேட் நார்தர்ன் ரயில்வே தன் முக்கிய வேலைகளை வெனாச்சிக்கு மாற்றியது, பிறகு பாதையையும் ஊரைவிட்டு விலக்கிப் போட்டது. மர ஆலையும் போனது. பல பத்தாண்டுகள் கடைகள் காலியாகவே கிடந்தன. 1960களில்தான் ஊர்க்காரர்கள் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் உதவியோடு உட்கார்ந்து யோசித்தார்கள். கலிஃபோர்னியாவில் டேனிஷ் வேடம் போட்டுப் பிழைத்த சோல்வாங் என்ற ஊரைப் பார்த்து, பின்னால் ஆல்ப்ஸ் போல மலை இருக்கிறதே என்று பவேரியாவைப் பிடித்தார்கள். பலகைச் சட்டம் அதன் தொடர்ச்சிதான். ஒரு கடைக்கு விலக்கு கொடுத்தால் அடுத்த கடையும் கேட்கும்.

சீனு, கார் வேண்டாம் என்றால் ஆம்ட்ராக்கின் எம்பயர் பில்டர் ரயில் இருக்கிறது. மாலை ஐந்து மணி வாக்கில் சியாட்டிலை விட்டால் எட்டு மணி வாக்கில் லெவன்வொர்த். 1929இல் திறந்த காஸ்கேட் சுரங்கம் வழியாக, கிட்டத்தட்ட எட்டு மைல், மலைக்கு அடியிலேயே போய்விடுவீர்கள். டயர்ச் சங்கிலி, பனி, பார்க்கிங் எதுவும் இல்லை. ஸ்டேஷன் ஊருக்குக் கொஞ்சம் வெளியே, விடுதியில் வண்டி அனுப்புவார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

காஸ்கேட்காரன்:
திரும்பி வரும் கதையையும் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஒரே வண்டி, அதிகாலையில். அதுவும் சிகாகோவிலிருந்து வருகிற வண்டி, தாமதமானால் சூட்கேஸோடு குளிரில் நிற்கவேண்டும். பிறந்தநாள் விடுமுறையில் மனைவியை இருட்டில் எழுப்புவது அவரவர் துணிச்சல்.

சியாட்டில்சீனு:
எங்களிடம் இருப்பது சாதாரண முன்சக்கர வண்டி. குளிர்கால டயர் இல்லை. யூ.எஸ். 2இல் வருகிற ஸ்டீவன்ஸ் கணவாய் பயமாக இருந்தால் ஐ-90 நெடுஞ்சாலை வழியாகப் போகலாம் என்று ஒரு நண்பர் சொன்னார், உண்மையா?

காஸ்கேட்காரன்:
போகலாம். ஐ-90இல் ஸ்னோக்வால்மி கணவாய் 3,022 அடிதான், சாலையும் அகலம். ஆனால் அப்புறம் யூ.எஸ். 97 சாலையில் திரும்பி ப்ளூவெட் கணவாய் ஏறவேண்டும், அது 4,102 அடி. ஸ்டீவன்ஸ் 4,061. ஆக உயரத்தில் ஒன்றும் மிச்சமில்லை, தூரமும் கூடுதல். நான் ஸ்டீவன்ஸ் மூடியிருந்தால் மட்டும் அந்த வழி போவேன்.

சங்கிலி கட்டாயம் வண்டியில் இருக்கட்டும். "சங்கிலி அவசியம்" என்று பலகை எரிந்தால் உங்கள் வண்டிக்கு மாட்டியே ஆகவேண்டும். நாலு சக்கர இழுவை வண்டிக்கு மாட்டுவதில் விலக்கு உண்டு, கையில் வைத்திருப்பதில் கிடையாது. இது பலருக்குத் தெரிவதில்லை. ஊர் 1,200 அடிக்கும் கீழே, அங்கே மழை தூறும்போது மேலே பனி கொட்டலாம். ஊரின் வானிலையைப் பார்த்து ஏமாறாதீர்கள், கணவாய் நிலவரத்தைப் பாருங்கள்.

பருப்புப்பொடி:
சைவமா நீங்கள்? அப்படியென்றால் ப்ரெட்ஸல், உருளைக்கிழங்கு, சீஸ் என்று இரண்டு நாள் ஓட்டத் தயாராக இருங்கள். சனி இரவு சாப்பாட்டுக்கு இப்போதே மேசை பிடித்துவிடுங்கள்.

மார்கழிமங்கை:
எல்லோரும் சாலையையும் சக்கரத்தையும் பேசுகிறீர்கள். சீனு தம்பி, பையனுக்கு என்ன வயது? இதற்கு முன் உங்களை விட்டு இரவு தங்கியிருக்கிறானா?

சியாட்டில்சீனு:
மூன்று வயது அக்கா. தங்கியதில்லை. ஆனால் தங்கையிடம் நன்றாக ஒட்டிக்கொள்வான்.

மார்கழிமங்கை:
அப்படியானால் வெள்ளி மாலை மனைவியை வண்டியில் ஏற்றி, "பையனை விட்டுவிட்டுப் போகிறோம்" என்று மன்றோ தாண்டிச் சொல்லப்போகிறீர்களா? முதல் இரவு முழுக்க அவள் போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள், விளக்கை இல்லை. உங்களுக்குத் திட்டம் போட ஒரு மாதம் கிடைத்தது. அவளுக்கு மனதைத் தயார் செய்ய இரண்டு நாளாவது வேண்டாமா? பனிக்குத் தகுந்த செருப்பு எடுப்பதிலிருந்து பையனுக்கு இரவுக் கதை எது என்று நாத்தனாரிடம் சொல்வது வரை அவளுக்கு ஆயிரம் வேலை இருக்கும். பணம் கட்டும் முன் சொல்லிவிடுங்கள்.

விளக்குப்பூச்சி:
அக்கா, சர்ப்ரைஸில் பாதி சுகம் எதற்கும் பட்டியல் போடவேண்டியதில்லை என்பதுதான். பெட்டியை சீனுவே கட்டட்டும், செருப்பையும் அவரே எடுக்கட்டும். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எது எங்கே இருக்கிறது என்று தெரியாதா?

மார்கழிமங்கை:
அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று நமக்குத் தெரியாது. தெரியாத விஷயத்துக்கு 800 டாலர் கட்டச் சொல்லாதீர்கள்.

நிஜஜெர்மனி:
அக்கா சொன்னதற்கு என் ஓட்டு. செட் ஊர் என்ற கருத்தில் மாற்றமில்லை, ஆனால் ரயில் கதை தெரியாது, நன்றி.

சியாட்டில்சீனு:
நேற்று இரவு சொல்லிவிட்டேன். கோபமெல்லாம் இல்லை. ஆனால் திட்டத்தையே பிரித்துப்போட்டாள். பிறந்தநாள் அன்று பையனை விட்டு இருக்கமாட்டாளாம். சனிக்கிழமை வீட்டில் கேக். ஞாயிறு மதியம் நாங்கள் இருவர் மட்டும் கிளம்பி, ஓர் இரவு தங்கி, திங்கள் மாலை திரும்புகிறோம். அந்த விடுதியிலேயே ஞாயிறு இரவுக்கு இரண்டு நாள் நிபந்தனை இல்லை, வாடகையும் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான்.

காஸ்கேட்காரன்:
கெட்டிக்காரி. ஞாயிறு மதியம் கூட்டமெல்லாம் சியாட்டிலைப் பார்த்து வந்துகொண்டிருக்கும், நீங்கள் எதிர்த்திசையில். திங்களன்று வெளிச்சம் இருக்கும்போதே கணவாயைத் தாண்டிவிடுங்கள், மூன்று மணிக்கு மேல் ஊரில் நிற்கவேண்டாம்.

விளக்குப்பூச்சி:
ஞாயிறு சாயங்காலம் போய்ச் சேர்ந்தால் பாட்டுக்குழு முடிந்திருக்கலாம். நான் இன்னும் சனிக்கிழமைக் கட்சிதான். முடிந்தால் ஞாயிறு காலையிலேயே கிளம்பப் பாருங்கள்.

சியாட்டில்சீனு:
பையன் மதியம் தூங்கியபிறகுதான் கிளம்ப அனுமதி. சங்கிலி வாங்கும்போது டயர் பக்கவாட்டில் இருக்கும் எண் போதுமா, வண்டி மாடலும் சொல்லவேண்டுமா?

காஸ்கேட்காரன்:
டயர் எண் முக்கியம். கூடவே வண்டியின் கையேட்டையும் பாருங்கள், சில மாடல்களில் சக்கரத்துக்கும் உடம்புக்கும் இடைவெளி குறைவு, மெல்லிய வகைதான் போடலாம் என்று எழுதியிருக்கும். வாங்கியதும் வீட்டு வாசலிலேயே ஒருமுறை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். கையுறை போட்டுக்கொண்டு.